காதுக்காரரின் பச்சை நாற்காலி

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற சாலையில் ஓடும் கார்களில் பாதி, காதுக்காரரின் நாற்காலியைச் சுமந்துகொண்டுதான் ஓடுகின்றன. மீதிப் பாதியில் அந்தந்த வீட்டுக் குளியலறை மக்கு இருக்கிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் உங்கள் கார்க் கதவின் உள்பக்கத்தைக் கழற்றிப் பாருங்கள். சிவப்பாகவோ நீலமாகவோ ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் அது அவருடைய கைவேலை. பச்சையாக இருந்தால் மட்டும் என்னிடம் வந்து சொல்லாதீர்கள். எனக்கு வயிறு எரியும்.

காது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். காரின் உள்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக் சட்டை போட்டிருக்கும். கதவுக்கு ஒரு சட்டை, தூணுக்கு ஒரு சட்டை, டாஷ்போர்டுக்குக் கோட்டு. அந்தச் சட்டைகளின் முதுகில், கட்டைவிரல் நகம் அளவில், ஓட்டை போட்ட சின்னச் சின்னப் பிடிகள் இருக்கும். கிளிப்பும் ஸ்க்ரூவும் உட்காருவது அதில்தான். பட்டறையில் அதற்குப் பெயர் காது. காது உடைந்தால் கார் நிற்காது, பேச ஆரம்பிக்கும். பருத்திப்பட்டில் முணுமுணுக்கும், காடுவெட்டியில் குறை சொல்லும், சென்னீர்க்குப்பம் வருவதற்குள் வாய்விட்டு அழும். கம்பெனி சர்வீஸில் காட்டினால் முழுச் சட்டையையும் மாற்றச் சொல்வார்கள். மெக்கானிக்கிடம் காட்டினால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளச் சொல்வார். காதை மட்டும் தனியாக முளைக்க வைக்கிறவர் அந்தச் சாலையிலேயே ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்டால் எனக்கு அக்கறை என்று ஆகிவிடும்.

பருத்திப்பட்டில் சாலையோரம் நாலு தகரம் போட்ட ஒரு கொட்டகை. அதற்குள் ஒரு சால்டரிங் கம்பி, ஒரு ஸ்டேப்ளர் பின் டப்பா, நடுவில் கை வைத்த பச்சை பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒல்லியாக, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவராக, பேன்ட் முழுக்கச் சூடு பட்ட பொத்தல்களோடு ஒரு மனிதர். வெயில் நேரத்தில் அந்தப் பொத்தல்கள் வழியே அவர் முழங்கால் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரியும். சட்டை கருகிய வாசனை, முடி கருகிய வாசனை. பத்தடி தள்ளியே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று மூக்கு சொல்லிவிடும்.

கார் வந்ததும் அவர் செய்கிற முதல் காரியம், உடைந்த இடத்திலிருந்து நகக்கண் அளவுக்குப் பிளாஸ்டிக்கைச் சீவி எடுப்பது. அதைத் தீக்குச்சியில் கொளுத்தி, ஊதி அணைத்து, புகையைக் கண்ணை மூடி இழுப்பார். ரசத்துக்கு உப்பு சரியா என்று பார்ப்பதுபோல முகம் கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு தீர்ப்பு வரும். மெழுகுவத்தி வாசனை வந்தால் "பக்கெட்டு வகையறா." மூக்கைக் குத்தினால் "டிவி வகையறா." உலகத்தில் உள்ள பிளாஸ்டிக்கையெல்லாம் அவர் இப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். ஒரு வகையறாவை அதே வகையறாவோடுதான் உருக்கிச் சேர்க்க முடியும். மாறினால் ஆறு நாளில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்பார்.

அதுவரைக்கும் சரி. அடுத்து வருவதுதான் அவருடைய கோணல். சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக்கை அவர் தரமாட்டார். கார்க்காரர்தான் கொண்டுவர வேண்டும். அதுவும் அவரவர் வீட்டில் உபயோகித்து, அவரவர் வீட்டிலேயே உடைந்த சாமானாக இருக்க வேண்டும். மக்கு, பக்கெட்டு, முறம், டிபன் பாக்ஸ் மூடி. "ஊட்ல ஒடஞ்சது எதுனா கீதா? எட்டாங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம். ஒருவரிடம் கடைப் பிளாஸ்டிக்கில் கலப்படம் என்றார். இன்னொருவரிடம், பழகின பொருள்தான் சூடு தாங்கும் என்றார். டீக்கடை அம்மா கேட்டபோது, சும்மா ஒரு இதுக்குத்தான் என்றார். கடைசிக் காரணம்தான் உண்மையாக இருக்க வேண்டும்.

வானகரத்திலிருந்து ஒரு பெரிய வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கியவர் கையில் விரல் தடிமனுக்குத் தங்கச் சங்கிலி. வீட்டுக்குப் போய் உடைந்த மக்கு எடுத்துவாருங்கள் என்றதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எதிர்க்கடையில் போய்ப் புத்தம்புது மக்கு ஒன்று வாங்கி வந்து நீட்டினார். காதுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புச்சு ஆவாது சார். இது எப்பிடி ஒடையும்னு இதுக்கே தெரியாது."

அன்று மாலை நாலு மணிக்கு, ஆவடி-பூந்தமல்லி சாலையில், சலவைச் சட்டையும் தங்கச் சங்கிலியுமாக ஒரு மனிதர் கல்லை வைத்துக்கொண்டு ஒரு புது மக்கை அடித்து உடைத்துக்கொண்டிருந்ததை வேலையிலிருந்து சீக்கிரமே கிளம்பிய நான் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். மக்கு உடையவில்லை. நல்ல மக்கு. கடைசியில் அவரும் வீட்டுக்குத்தான் போனார், பழைய பக்கெட் மூடியோடு திரும்பி வந்தார் என்று டீக்கடையில் சொன்னார்கள்.

இந்தச் சட்டத்துக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த விதிவிலக்குதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

யாரையாவது அவருக்கு மனசுக்குப் பிடித்துப்போனால், எதையும் கொண்டுவரச் சொல்லமாட்டார். எழுந்து நிற்பார். தான் உட்கார்ந்திருந்த பச்சை நாற்காலியைக் கவிழ்ப்பார். ஆக்ஸா பிளேடால் அதிலிருந்தே ஒரு துண்டு அறுத்து, உருக்கி, காது முளைக்க வைத்துவிடுவார். இன்னாருக்குத்தான் என்று கணக்குக் கிடையாது. கேட்டால் கிடைக்காது. கேட்காமல் இருந்தாலும் கிடைக்காது. முதலில் இடது கை போயிற்று. அது ஒரு கால் டாக்ஸிக்காரருக்கு. பிறகு முதுகில் ஒரு சட்டம், வேலப்பன்சாவடியில் படிக்கிற பெண்ணைத் தினம் கொண்டுவிடும் ஒரு அப்பாவுக்கு. பிறகு வலது கையில் பாதி. நாற்காலி தேய்ந்துகொண்டே வந்தது, அமாவாசையை நோக்கிப் போகிற நிலா மாதிரி. டீக்கடையில் அதுதான் அன்றன்றைய செய்தி. நேற்று யாருக்கு அறுத்தார், எவ்வளவு அறுத்தார், ஏன் அறுத்தார். ஓர் இன்ச் பச்சைக்கு அந்தச் சாலையில் இருந்த மரியாதை, நான் இருபது வருஷமாக எழுதுகிற பக்கங்களுக்கு இருந்ததில்லை.

எங்கள் காரை ஓட்டுகிறவள் என் மனைவி வசந்தி. எனக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளப் போய், பயிற்சி கொடுத்தவர் கோயிலுக்கு வேண்டிக்கொண்டதோடு நின்றுவிட்டது. அவளுக்கு வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. எனக்குப் பூந்தமல்லியில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. காலையில் என்னை இறக்கிவிட்டுப் போவாள், மாலையில் ஏற்றிக்கொண்டு வருவாள். பதினோரு வருஷமாக இடது பக்க சீட்டு என்னுடையது. அந்த முக்கால் மணி நேரமும் நான் பேசுவேன், அவள் ரோட்டைப் பார்ப்பாள். அது பேச்சுவார்த்தை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் உடைந்தது அவள் பக்கத்துக் கதவின் காது. சத்தம் வருகிறது என்றாள். பாட்டைக் கூட்டி வை என்றேன். ஒரு சனிக்கிழமை என்னிடம் சொல்லாமல் பருத்திப்பட்டுக்குப் போனாள். கால் மணி நேர வேலை. இரண்டரை மணி நேரம் கழித்து வந்தாள். கார் சத்தமில்லாமல் வந்தது. சத்தமெல்லாம் அவளிடம் ஏறியிருந்தது. மெழுகுவத்தி வாசனை, பக்கெட்டு வகையறா, சூடான கம்பியால் ஸ்டேப்ளர் பின்னை விரிசலுக்குக் குறுக்கே இறக்கித் தையல் போடுகிற விதம் என்று தோசை ஊற்றும்போதும் பேசினாள், தோசை திருப்பும்போதும் பேசினாள்.

"எனக்கு எதுவும் கொண்டுவரச் சொல்லலைங்க. நாற்காலியிலேர்ந்தே அறுத்துட்டாரு."

பிய்த்த தோசையைத் தட்டிலேயே போட்டேன்.

"எவ்வளவு?" என்று கேட்டேன்.

அவள் சுண்டு விரலைக் காட்டினாள்.

அதோடு முடிந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். வேறொன்றையும் சொன்னாள். அவள் அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர்; குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பத்தாவது முடித்ததும் தானும் ஃபிட்டர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று அழுதாளாம். பெண்ணுக்கு எதற்கு அரமும் ரம்பமும் என்று டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்துவிட்டார்களாம். இது எனக்குத் தெரியாது. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம். நானாவது கேட்டிருக்கலாம், அவளாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பொத்தல் பேன்ட்காரர் ஒரு ஆக்ஸா பிளேடை அவள் கையில் கொடுத்து, நீங்களே அறுங்கக்கா என்று சொன்னதும் தானாக வந்துவிட்டதாம்.

அக்கா. அவள் அக்கா. நான் அவருக்கு வெறும் சார். அக்கா புருஷனை ஊரில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வாசனை பார்க்காமல் எதுவும் தப்பவில்லை. சீப்பு, சோப்பு டப்பா, என் மூக்குக் கண்ணாடிக் கூடு எல்லாவற்றிலும் ஒரு மூலை சீவப்பட்டிருந்தது. நான் ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து புகை வரும். "டிவி வகையறா" என்று ஒரு குரல் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதை உண்டாக்கியவன் நான் இல்லை.

ஆகவே என் பக்கத்துக் கதவும் பேச ஆரம்பித்தபோது எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. என் முறை. என் காது. எனக்கும் ஒரு துண்டு பச்சை. கேட்கக் கூடாது, ஆனால் கேட்காதது தெரிய வேண்டும். எப்படி நிற்பது, எப்படிச் சிரிப்பது என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். முன்ஜாக்கிரதையாக வீட்டுச் சாமான் ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். நான் மடியில் வைத்து எழுதுகிற பரீட்சை அட்டை, பிளாஸ்டிக், ஓரத்தில் கீறல் விட்டது. இருபது வருஷம் என் முழங்கையைத் தாங்கியது. இதைப் பார்த்தால் மனிதர் கரைந்துவிடுவார் என்று நினைத்தேன்.

காதுக்காரர் அதன் மூலையைச் சீவினார். கொளுத்தினார். முகர்ந்தார். இருமினார்.

"இது எந்த வகையறாலயும் சேராது சார். எதுலயும் ஒட்டாது."

வசந்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

பிறகு அவர் என் பக்கத்துக் கதவின் சட்டையைக் கழற்றி, திருப்பி வைத்து, உடைந்த காதுகளை விரலால் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கேள்வி என்னிடம் வரவில்லை.

"மூணு காது போயிருக்குக்கா. மூணும் ஒரே பக்கமா ஒடஞ்சிருக்கு. இது இய்த்து ஒடையல. அறஞ்சி சாத்துனதுல ஒடஞ்சிருக்கு. இந்த சீட்ல யாரு குந்துறது?"

வசந்தி என்னைப் பார்த்தாள். பதினோரு வருஷமாகப் பூந்தமல்லியில் இறங்கும்போதெல்லாம், எனக்கு வாதத்தில் கடைசி வார்த்தை கிடைக்காத நாட்களில் எல்லாம், நான் அந்தக் கதவிடம்தான் அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். அதைக் கதவு உள்ளுக்குள் எழுதி வைத்திருக்கிறது. இந்த ஆள் அதை வாசிக்கிறார். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மறைக்காத சிரிப்பு. நான் ஏறி உட்காரலாம் என்று போனேன். சட்டை கழற்றிய முன் கதவை விட்டுப் பின் கதவைத் திறந்து ஏறி, என்னையும் அறியாமல் சாத்தினேன்.

அந்தச் சத்தம் அடங்கியதும் காதுக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நாலு" என்றார்.

என் கதவுக்கு நாற்காலி அறுபடவில்லை. வீட்டிலிருந்து வேறு ஏதாவது கொண்டுவரச் சொன்னார். கழற்றிய கதவுச் சட்டையை வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மறுநாளே முடிவெடுத்தேன். இந்த ஆள் இல்லாமல் காது முளைக்காதா?

அடுத்த ஞாயிறு வசந்தி அம்பத்தூரில் தங்கை வீட்டு விசேஷத்துக்கு ரயிலில் போய்விட்டாள். இரண்டு குழாயைக் கலந்தால் கல்லாக இறுகும் பசை வாங்கி வைத்திருந்தேன். வீடியோவில் ஒருவர் அதைப் பட்டாணி அளவு வைத்தார். நான் நெல்லிக்காய் அளவு வைத்தேன். திருப்தி வரவில்லை, மிச்சத்தையும் பிதுக்கினேன். சட்டையைக் கதவில் பொருத்தி, முன் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இடது முழங்கையால் அழுத்திப் பிடித்தேன். அரை மணி நேரம் அசையக் கூடாது என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஞாயிறு மத்தியானம். காலையில் கறிக்குழம்பு. வேப்பமரத்து நிழல் கண்ணாடிமேல் மெதுவாக ஆடியது. தூங்கிவிட்டேன்.

விழித்தபோது என் சட்டையின் இடது கை, கதவின் சட்டைக்குள் மணிக்கட்டுவரை போயிருந்தது. துணி கல்லாகியிருந்தது. கதவைத் திறக்கிற கைப்பிடியும் பசையில் மூழ்கி எழும்பாமல் நின்றது. இழுத்தேன்; கார்தான் ஆடியது. வேறு வழியில்லாமல் பொத்தான்களைக் கழற்றி, சட்டையை அங்கேயே விட்டுவிட்டு, கியர்க் கம்பியைத் தாண்டி வசந்தியின் பக்கமாக வெறும் பனியனோடு வெளியே விழுந்தேன். எதிர் வீட்டு ஓய்வுபெற்ற சூப்பர்வைசர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. வணக்கம் மட்டும் சொன்னார்.

சாயங்காலம் அவள் வந்துவிடுவாள். இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஆக்ஸா பிளேடு பருத்திப்பட்டில் இருந்தது. கார்ச் சாவியோடு தொங்கிய அட்டையில் வசந்தி எழுதி வைத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். என்ன ஆயிற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாருங்கள் என்றேன். இருபது நிமிஷத்தில் மொபெட்டில் வந்தார்.

கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். இடது சீட்டில் என் சட்டை, ஒரு கையைக் கதவுக்குக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பிறகு என் பனியனைப் பார்த்தார்.

"சட்ட உள்ள கீது. சார் வெளிய கீறாரு" என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு அவரை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

கத்தியை விட்டுப் பார்த்தார், கம்பியை விட்டுப் பார்த்தார். அந்தப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் ஒட்டாதாம். ஆனால் ஓட்டைகளுக்குள் இறங்கி, உள்ளே குண்டாக உட்கார்ந்து, ஆணியடித்த மாதிரி பூட்டிக்கொண்டதாம். உடைக்காமல் எடுக்க முடியாது என்றார்.

"காதுன்னா கொஞ்சம் ஆடணும் சார். அப்பதான் ஒடையாது. கய்ட்ட வராத மாரி ஒட்டிட்டா அது ரிப்பேரு இல்ல, சமாதி."

எனக்கு அன்று அது பாடமாகப் படவில்லை, குத்தலாகத்தான் பட்டது. மொபெட்டை எங்கள் வாசலில் விட்டுவிட்டு, என் சட்டையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, காரை ஓட்டிப் போனார். இரவு வசந்தி கார் எங்கே என்று கேட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவள் போன் அடித்தது. "நான்தான்க்கா எட்டாந்தேன். சார் கதவு பாக்கி இருந்துச்சில்ல" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது. சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் முகம் மலர்ந்து, பாத்தீங்களா, எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்றாள். காப்பாற்றப்பட்டவனுக்கு வருகிற பொறாமையைவிடக் கொடியது வேறு கிடையாது. நன்றியும் சொல்ல முடியாது, திட்டவும் முடியாது.

நாலாம் நாள் இருவரும் போனோம். கார் தயாராக நின்றது. கதவு பழையபடி. கைப்பிடி எழும்பியது, கண்ணாடி இறங்கியது, வெளியே ஒரு கீறல் தெரியவில்லை. காதுக்காரர் கவிழ்த்துப்போட்ட பெயின்ட் டப்பாமேல் குந்தியிருந்தார். பச்சை நாற்காலியைக் காணோம். கால்கள் நாலும் ஒரு மூலையில் கட்டி வைத்திருந்தது, அவ்வளவுதான் மிச்சம்.

எனக்கு அவரைக் குத்த ஒரு வழி கிடைத்தது. டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி, என்ன, ராஜாவுக்கு சிம்மாசனம் போய்விட்டதா என்றேன்.

"ரிப்பேருக்குப் போயிருக்கு மாமா" என்றார்.

மாமா என்றார். இத்தனை நாள் காத்திருந்த வார்த்தை. நான் அதையும் கிண்டல் என்றே எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது ஜன்னல் பக்கம் குனிந்து, கதவ மட்டும் மெதுவா, என்று கைகாட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்கு வேறு வேலையே இல்லை. அந்த நாற்காலியின் உட்காரும் பலகை முழுசாக யாருக்குப் போனது? கை, முதுகு, சட்டம் எல்லாம் துண்டு துண்டாகப் போனது. பலகையை அவர் தொட்டதே இல்லை. தொட்டால் உட்கார இடமில்லை. அதையே அறுத்துக் கொடுக்கிற அளவுக்கு அப்படி யார் வந்தார்கள்? டீக்கடை அம்மாவிடம் விசாரித்தேன். கால் டாக்ஸிக்காரரிடம் விசாரித்தேன். தங்கச் சங்கிலிக்காரர் மேல் சந்தேகப்பட்டேன். வசந்தியின் மேல்கூட ஒரு நாள் சந்தேகம் வந்தது. யாராக இருந்தாலும் அந்த ஆளை நினைத்து நினைத்து எனக்கு நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலில், பெயின்ட் டப்பாமேல் குந்தியிருக்கும் ஒரு கிறுக்கனைப் பற்றிக் கேலியாக நாலு வரி எழுதி, அது ஒரு பத்திரிகையில் வந்தும் விட்டது. வசந்தி படித்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

மழைநீர்க் கால்வாய் வேலை வந்தபோது சாலையோரக் கொட்டகைகளை எடுக்கச் சொன்னார்கள். ஒரு திங்கட்கிழமை நாங்கள் அந்த இடத்தைக் கடந்தபோது நாலு தகரமும் இல்லை. கருகிய வாசனை மட்டும் ஒரு வாரம் அங்கேயே நின்றிருந்தது. நசரத்பேட்டை பக்கம் போய்விட்டதாகச் சிலர் சொன்னார்கள், இல்லை வானகரம் என்று சிலர் சொன்னார்கள். போன் எண் மாறிவிட்டது. வசந்தி மறுபடியும் ரோட்டைப் பார்த்து ஓட்ட ஆரம்பித்தாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். வென்ற மாதிரி இல்லை.

போன மாதம் என் பக்கத்துக் கண்ணாடி இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. மோட்டார் போயிருக்கும் என்று ஆவடியில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் கதவின் சட்டையைக் கழற்றினார். ஒரு காதும் உடையாமல், டக் டக் என்று ஒவ்வொன்றாக, கேட்டுக்கொண்டு வருவதுபோல வந்தது. திருப்பிப் பார்த்தவர் எங்களைக் கூப்பிட்டார்.

"இன்னா சார் இது, உள்ள ஃபுல்லா பச்சையா கீது?"

ஏழு காது. ஏழும் பச்சை. நான் அறைந்து உடைத்த மூன்று, என் பசையை எடுக்கப் போய் உடைந்த நாலு. அவற்றைச் சுற்றி, பசை தின்று போட்ட இடங்களுக்கெல்லாம் ஒட்டுப் போட்டிருந்தது. ஒரு ஒட்டில் பூப்போட்ட துளைகள் இருந்தன. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிற இடத்தில் காற்றுக்கு விடுவார்களே, அந்தத் துளைகள். அடிப்பக்கக் காதின் நடுவில் வெள்ளையாக ஒன்று பதிந்திருந்தது. என் சட்டைக் கையின் பொத்தான். அது கல்லாகிய பசையிலிருந்து வராமல் போயிருக்க வேண்டும். அவர் அதைத் தூக்கிப் போடாமல், அதைச் சுற்றியே காது வளர்த்துவிட்டிருக்கிறார்.

நான் ஒரு மாதம் ஊரெல்லாம் தேடிய ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

வசந்தி பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள். அது என்ன என்று கேட்டாள். வேப்பமர நிழல், கறிக்குழம்பு, பனியன் எல்லாவற்றையும் முதல்முறையாகச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவள் மெக்கானிக்கின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பக்கத்துக் கதவை ஒரு தரம் பார்த்தாள்.

"எனக்குச் சுண்டு விரல் அளவுதான் கொடுத்தாரு" என்றாள்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக என் தொண்டையில் குடியிருந்த குரல் அது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் கிளம்பிவிடுகிறோம். நசரத்பேட்டை, வானகரம், வேலப்பன்சாவடி சர்வீஸ் ரோடு. அவள் ஓட்டுவாள், நான் ஜன்னலை இறக்கி மூக்கை நீட்டிக்கொண்டு வருவேன். எங்காவது பிளாஸ்டிக் கருகினால் நிறுத்தச் சொல்வேன். இதுவரை இரண்டு குப்பைமேடும் ஒரு இஸ்திரிக் கடையும்தான் கிடைத்தன. இறங்கும்போது கதவைக் கையால் பிடித்துக்கொண்டு வந்து சாத்துகிறேன். வழியில் அவள் நிறையப் பேசுகிறாள். நான் ரோட்டைப் பார்க்கிறேன்.

பின் சீட்டில், பெல்ட் போட்டு, கை வைத்த பச்சை நாற்காலி ஒன்று எங்களோடு வருகிறது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கிடந்தது, ஒரு கையில் கீறல் விட்டது. புதுசு ஆகாது அவருக்கு. அவரைக் கண்டுபிடிக்கும்வரை அதில் நான் யாரையும் உட்கார விடுவதில்லை.